கரட்டுவலசு சைக்கிள் சங்கம் கோடு வாங்கின கதை

கரட்டுவலசுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே தொந்தரவு அதுதான். "கொஞ்சம் இரு, இதோ வந்துர்றேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போய், மறந்து, வேறு வழியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டாலும், கரட்டுவலசுக்காரர் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டார். மழை வந்தால் நனைவார். போ என்று யாரும் சொல்லவில்லையே.

இந்த ஊரிலிருந்து நாலு பேர் தினமும் சைக்கிளில் செம்மாண்டூருக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். நாச்சிமுத்து தேங்காய்க் களத்தில் மட்டை உரிப்பவர். சென்னியப்பன் எண்ணெய் மில்லில் மூட்டை தூக்குகிறவர். கொழந்தசாமி அதே மில்லில் சாக்குக்கு வாய் தைப்பவர். மாராத்தாள் சந்தையில் தயிர் விற்பவர். நாலு சைக்கிளில் நாச்சிமுத்துவின் சைக்கிளில் மட்டும்தான் பெல் அடிக்கும். அதனால் அவர் முன்னால் போவார். முன்னால் போகிறவர் என்பதால் அவர் சொல்வதை மற்றவர்கள் கேட்டார்கள்.

போகிற ரோட்டை அப்போதுதான் புதிதாகத் தார் போட்டு வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு வேலி. நடுவில் பச்சை பஸ் பறந்துகொண்டிருக்கும். அந்த பஸ்ஸின் டிரைவர் ரங்கராசு கெட்டவர் இல்லை, அவசரக்காரர். பின்னால் இன்னொரு பஸ் வந்து தன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

ஒருநாள் காலை பச்சை பஸ் பின்னால் வந்து ஆரன் அடித்தது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கடைசியாகப் போன சென்னியப்பனைப் பார்த்துக் கத்தினார். "யோவ், ஓரமாப் போய்யா."

சென்னியப்பன் ஓரமாகப் போனார்.

"இன்னும் ஓரமா."

சென்னியப்பன் பார்த்தார். தார் முடிந்துவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதானே. மண்ணில் இறக்கினார். மண் முடிந்தது. கோரைப்புல்லில் விட்டார். புல்லும் முடிந்தது. அதற்கப்புறம் ஓரம் என்று இருந்தது வாய்க்கால் மட்டும்தான். மிதித்துக்கொண்டே அதற்குள் இறங்கினார்.

மற்ற மூவரும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, ஆளையும் சைக்கிளையும் இழுத்துக் கரையேற்றினார்கள். முழங்கால் உரிந்திருந்தது. முன்பல் ஒன்று வாய்க்காலோடு போயிருந்தது. சைக்கிளின் முன்சக்கரம் முறுக்குப் பிழிந்த மாதிரி இருந்தது.

"நிறுத்தக் கூடாதா சென்னியப்பா?" என்று மாராத்தாள் கேட்டார்.

"போதும்னு அவரு சொல்லலியேக்கா."

சிரிக்கிற விஷயமில்லை இது. அன்று வாய்க்காலில் தண்ணீர் இடுப்பளவுதான் வந்தது. நாலு நாள் கழித்து, முழுத் தண்ணீரும் திறந்துவிட்ட பிறகு விழுந்திருந்தால் ஆளையே அடித்துக்கொண்டு போயிருக்கும். சென்னியப்பனின் வீட்டுக்காரி, இனி சைக்கிளைத் தொட்டால் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டார். அதோடு செம்மாண்டூர் டீக்கடைகளில் இன்னொரு பேச்சும் கிளம்பியது. இப்படி ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தால் அந்த ரோட்டில் சைக்கிளே வரக் கூடாது என்று போர்டு வைத்துவிடுவார்களாம், சைக்கிள்காரர்கள் கல்குவாரி வழியாகக் கரட்டுக் குன்றைச் சுற்றித்தான் போக வேண்டுமாம். அந்த வழியில் போனால் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் வேலை முடிகிற நேரம் வந்துவிடும்.

அன்று சாயந்தரமே நாலு பேரும் தண்ணி டேங்கின் அடியில் கூடினார்கள்.

"தப்பு யார் மேலன்னு மொதல்ல பாக்கோணும்," என்றார் நாச்சிமுத்து.

"வாய்க்கால் மேலதானுங்க," என்றார் கொழந்தசாமி. "ரோட்டுப் பக்கத்துல அதுக்கென்ன வேலை?"

"வாய்க்கால் மொதல்ல வந்துது. ரோடு அப்பறந்தான் வந்துது."

"அப்ப ரோட்டு மேல தப்பு. பக்கத்துல வாய்க்கால் இருக்கறது தெரிஞ்சே வந்திருக்குது."

வெகு நேரம் யோசித்து, தப்பு செய்தது ரோடு என்பதால் ரோடு போட்டவர்களிடமே போய்ச் சொல்வது என்று முடிவு செய்தார்கள். வெறும் நாலு பேராகப் போனால் மதிக்க மாட்டார்கள் என்று ஒரு சங்கமும் ஆரம்பித்தார்கள். பெல் இருந்ததால் நாச்சிமுத்து தலைவர். மற்ற மூவரும் உறுப்பினர்கள். உறுப்பினர் என்றால் என்ன என்று சென்னியப்பன் கேட்டார். விழுந்து அடிபடுகிறவர் என்று நாச்சிமுத்து விளக்கினார்.

ரோட்டு என்ஜினீயர் தமயந்தி என்ற ஒரு பெண். பொறுமைசாலி. படிக்கிற காலத்தில் சைக்கிள் மிதித்து, லாரிக்குப் பயந்து வேலியில் சாய்ந்து கையைக் கிழித்துக்கொண்ட தழும்பு அவர் முழங்கையில் இன்னும் இருந்தது. சென்னியப்பனின் முழங்காலையும் பல் போன இடத்தையும் பார்த்துவிட்டு, நாலு பேரையும் உட்காரச் சொன்னார்.

"ரோடு பஸ்ஸுக்கு மட்டும் போட்டது இல்லைங்க. உங்களுக்கும் சேர்த்துப் போட்டதுதான். சைக்கிளுக்குன்னு தனியாக் கோடு போட்டு ஒரு பாதை ஒதுக்கலாம். அதுக்கு நான் மேல சொல்லணும். வர்ற புதன்கிழமை காலையில நேர்ல வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் நீங்க விதிப்படி ஓட்டணும். யாரும் உங்களைக் குத்தம் சொல்லக் கூடாது."

"விதியைச் சொல்லுங்கம்மா. ஒண்ணு விடாம செஞ்சுபோடறோம்."

தமயந்தி சொன்னார். எப்போதும் இடது பக்கமாகவே போங்கள். திரும்புகிறபோது கையைக் காட்டுங்கள். பெரிய வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ரோட்டை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு நல்ல விதிகளை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

மறுநாள் காலை, சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டு சென்னியப்பனும் வந்துவிட்டார். விதி வந்த பிறகு வீட்டுக்காரியும் சோறு போடச் சம்மதித்திருந்தார். நால்வரும் இடது பக்கமாகவே செம்மாண்டூர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு குறையும் இல்லை. சாயந்தரம் வேலை முடிந்து திரும்புகிறபோதுதான் செம்மாண்டூர் எல்லையில் நாச்சிமுத்து சட்டென்று பிரேக் பிடித்தார்.

"காலையில நம்ம இடது பக்கம் என்ன இருந்துது?"

"வாய்க்காலுங்க," என்றார் சென்னியப்பன். அவர் மறக்க மாட்டார்.

"இப்ப வாய்க்கால் எங்க இருக்குது?"

மூவரும் பார்த்தார்கள். சோத்துக்கைப் பக்கம் இருந்தது.

"வாய்க்கால் நகந்திருக்குதுங்க," என்றார் கொழந்தசாமி.

"ஒரு பகல்ல அத்தாம்பெரிய வாய்க்கால் நகருமா?"

"நகரலீன்னா இடதுதான் நகந்திருக்கோணும்."

எல்லோருக்கும் கவலை வந்துவிட்டது. காலையில் ஒரு பக்கம், சாயந்தரம் ஒரு பக்கம் என்று இடதே இடம் மாறினால் மனிதன் எதை நம்பி சைக்கிள் ஓட்டுவது? நாலு பேரில் விவரமானவர் மாராத்தாள். அவர்தான் கண்டுபிடித்தார்.

"வாய்க்காலும் நகரலை, இடதும் நகரலை. நாமதான் திரும்பிட்டோம். காலையில செம்மாண்டூரப் பாத்து நின்னப்ப எல்லாம் சரியாத்தான இருந்துது? திரும்புனதுதான் தப்பு."

"திரும்பாம எப்புடிக்கா ஊட்டுக்குப் போறது?" என்றார் சென்னியப்பன்.

"பின்னாலயே போறது."

அப்படியே செய்தார்கள். நாலு பேரும் செம்மாண்டூரைப் பார்த்து நின்றுகொண்டு, வாய்க்கால் பக்கமாக, சைக்கிளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே கரட்டுவலசுக்கு நடந்தார்கள். கழுத்து வலித்தது. மனசு நிம்மதியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ரங்கராசு அதே பக்கமாகச் செம்மாண்டூருக்கு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் நாலு சைக்கிள்காரர்களின் முதுகு தெரிந்தது. தினமும் பார்க்கிற முதுகுதான். ஆனால் வழக்கத்தைவிட வேகமாக அந்த முதுகுகள் கிட்டே வந்தன. பிரேக்கை மிதித்து பஸ்ஸை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் முதுகுகள் வந்துகொண்டே இருந்தன. பஸ்ஸின் மூக்கு வரைக்கும் வந்து, விலகி, ஜன்னலோரமாக நகர்ந்து, பின்பக்கமாகப் போய்ச் சேர்ந்தன. போகிறபோது நாச்சிமுத்து அவருக்கு வணக்கம் வைத்தார்.

ரங்கராசு கண்டக்டரைக் கூப்பிட்டுத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அடுத்தது கை காட்டுகிற விதி. எண்ணெய் மில்லுக்குப் போக ரோட்டிலிருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். திருப்பம் வந்ததும் சென்னியப்பன் கையை நீட்டினார். விதி நாலு பேருக்கும் பொது என்பதால் மற்ற மூவரும் நீட்டினார்கள். பின்னால் வந்த பச்சை பஸ் கிறீச்சென்று நின்றது.

"ஏறுங்க, ஏறுங்க, சீக்கிரம்," என்றார் கண்டக்டர்.

சங்கத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னுங்க பண்றது?" என்று கொழந்தசாமி மெதுவாகக் கேட்டார்.

"நம்ம கைக்கு மரியாதை குடுத்து இவ்வளவு பெரிய பஸ் நிக்குது," என்றார் நாச்சிமுத்து. "ஏறலீன்னா அவங்களை அவமானப்படுத்தற மாதிரி."

சைக்கிள்களை பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வந்தார்.

"எங்க போகோணும்?"

"வலது பக்கமுங்க," என்றார் சென்னியப்பன்.

"வலது பக்கம்னு ஒரு ஸ்டாப்பிங்கே இல்லையே."

"அப்ப கடைசி ஸ்டாப்பிங்ல எறக்கி உடுங்க. அங்க ஒரு வலது பக்கம் இருக்காம போயிருமா?"

கடைசி நிறுத்தத்தில் வலது பக்கம் இருக்கத்தான் செய்தது. ஆனால் எண்ணெய் மில் அங்கே இல்லை. வெயிலில் மிதித்துத் திரும்பி வந்து சேர்வதற்குள் மில்லில் மத்தியானச் சங்கு ஊதிவிட்டது. மாராத்தாளின் தயிர் பஸ்ஸின் குலுக்கலில் பாதி மோராகி, வெயிலில் முழு மோரானது. அவர் கோபப்படவில்லை. அன்றைக்கு மோர் விற்றார்.

அன்று மாலை சங்கம் கூடி விதியைத் திருத்தியது. கையைக் காட்டத்தான் வேண்டும், அது என்ஜினீயரம்மா சொன்னது. ஆனால் பார்க்கிறவர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் காட்ட வேண்டும்.

ஒரு மீட்டர் இடைவெளி விதியைக் கொழந்தசாமி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சாக்குத் தைப்பவர், அளவு தெரிந்தவர். நாலு மூங்கில் கழிகளை வெட்டி, ஒவ்வொரு சைக்கிளின் கேரியரிலும் குறுக்கே வைத்துக் கட்டினார். இந்தப் பக்கம் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கமும் ஒரு மீட்டர்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், இது நன்றாகவே வேலை செய்தது. கழியைக் கண்டதும் லாரிகள் ஒதுங்கின. கார்கள் தயங்கின. பச்சை பஸ்கூட ஆரனை விட்டுவிட்டு மெதுவாகப் பின்னால் வந்தது. நாலு பேரும் முதல் முறையாக நெஞ்சை நிமிர்த்தி மிதித்தார்கள். சென்னியப்பன் பல் போன இடத்தின் வழியாக விசில்கூட அடித்தார்.

டீக்கடை வரைக்கும்.

கடை முகப்பில் வாழைத்தார் தொங்கியது. நாச்சிமுத்துவின் கழி பூவன் தாரை எடுத்தது. சென்னியப்பனின் கழி ரஸ்தாளியை எடுத்தது. கொழந்தசாமிக்கு முறுக்குப் பாக்கெட்டுச் சரம் கிடைத்தது. கடைசியாக வந்த மாராத்தாளின் கழி, இதையெல்லாம் பார்த்துத் திகைத்து நின்ற கடைக்காரரின் தோள் துண்டை எடுத்துக்கொண்டு போனது. கடைக்காரர் துரத்தினார். கிட்டே வந்தபோது கொழந்தசாமி திரும்பிப் பார்த்து, "ஒரு மீட்டர் தள்ளியே வாங்க," என்று கேட்டுக்கொண்டார்.

பழங்களைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, மில்லுக்குப் போனால் அங்கே இன்னொரு சிக்கல். கேட் குறுகல். கழியோடு உள்ளே நுழைய முடியவில்லை.

"கழியை அவுத்துட்டு வாய்யா," என்றார் மில் வாட்ச்மேன்.

"பெரிய வண்டிகிட்ட ஒரு மீட்டர் தள்ளி இருக்கோணுமுங்க."

"இது கேட்டு. வண்டியா?"

கொழந்தசாமி குனிந்து பார்த்தார். இழுத்து மூடுகிற இரும்பு கேட்.

"அடியில சக்கரம் இருக்குதுங்களே," என்றார்.

வாட்ச்மேனும் குனிந்து பார்த்தார். சக்கரம் இருந்தது. கொழந்தசாமி அன்று கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தே சாக்குத் தைத்தார்.

புதன்கிழமை நெருங்கியது. மிச்சம் இருந்தது பெரிய விதி, ரோட்டைப் பகிர்ந்துகொள்வது. மற்ற மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகு ஆகிவிட்டதால் இதையாவது குறையில்லாமல் செய்துகாட்ட வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். என்ஜினீயரம்மா வந்து பார்க்கிறபோது ஏதாவது தவறாகிவிட்டால் கோடும் கிடையாது, ரோடும் கிடையாது. கல்குவாரி வழிதான். சென்னியப்பனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"பகிர்ந்துக்கறதுன்னா பாகம் பிரிக்கறதுதான்," என்றார் நாச்சிமுத்து. "கிழக்க பாதி நமக்கு. மேக்க பாதி பஸ்ஸுக்கு."

"கிழக்க பாதி முடிஞ்ச எடத்துல நாம என்னுங்க பண்றது?" என்று கொழந்தசாமி கேட்டார்.

"நிக்கறது."

"செம்மாண்டூரு மேக்கயில்லீங்களா இருக்குது?"

நாச்சிமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப மேக்க பாதியை நாம வெச்சுக்கலாம்," என்றார்.

"மேக்க பாதிக்குப் போய்ச் சேரக் கிழக்க பாதியைத் தாண்டோணுமே."

மாராத்தாள்தான் மறுபடியும் வழி சொன்னார். அவருக்கும் அவருடைய ஓரகத்திக்கும் ஒரே கிணறு. இரண்டு தோட்டத்துக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சுவார்கள். காலையில் ஒருத்தர், மத்தியானம் ஒருத்தர். "கிணத்தை வெட்டிப் பாதியாக்க முடியுமா? முறை வெச்சுக்கோணும். ரோட்டுக்கும் அதுதான். காலையில நம்ம முறை. வெயில் ஏறுனதுக்கப்பறம் பஸ்ஸு முறை."

இதைவிட நியாயம் உலகத்தில் உண்டா? புதன்கிழமை காலை நாலு பேரும் குளித்து, சலவை வேட்டி கட்டி, மாராத்தாள் பட்டுக் கரைச் சேலை உடுத்தி, வாய்க்கால் பாலத்துக்கு வந்தார்கள். ரோட்டின் நடுவே நாலு சைக்கிள்களையும் வரிசையாக ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றார்கள்.

பச்சை பஸ் வந்து நின்றது. கையைக் காட்டினால் ஏறச் சொல்லிவிடுவார்கள் என்பதால் நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ரங்கராசு இறங்கி வந்தார். "என்னங்க இது?"

"எங்க முறைங்க," என்றார் மாராத்தாள்.

"என்ன முறை?"

"ரோட்டு முறை. வெயில் அந்தத் தென்னையோட அடியைத் தொட்டதும் முடிஞ்சுரும். அப்பறம் சாயந்தரம் வரைக்கும் உங்க முறை. நாங்க ஒரு பேச்சுப் பேச மாட்டோம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் ரங்கராசு சண்டைக்குப் போயிருப்பார். ஆனால் அவரும் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைதான். கிணற்று முறையை மீறியதற்காகச் சொந்தச் சித்தப்பாவோடு இன்றுவரை பேசாதவர். முறை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவருக்குச் சண்டை மறந்துவிட்டது. தென்னையைப் பார்த்தார். வெயில் இன்னும் மட்டையில்தான் இருந்தது. பஸ்ஸுக்குப் போய் என்ஜினை அணைத்துவிட்டு வந்து பாலத்தின் கட்டையில் உட்கார்ந்தார்.

பின்னால் செங்கல் லாரி வந்தது. பால் வண்டி வந்தது. ஒரு கல்யாண வேன் வந்தது. லாரி டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தபோது ரங்கராசுதான் மறித்தார். "அவசரப்படாதீங்க. அவங்க முறை. முடிஞ்சா குடுத்துருவாங்க." லாரி டிரைவரும் வந்து கட்டையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்களுக்கு மாராத்தாள் ஆளுக்கொரு டம்ளர் மோர் ஊற்றினார்.

தமயந்தியின் ஜீப் அந்த வரிசையின் கடைசியில் வந்து நின்றது. அவர் இறங்கி, லாரி, வேன், பால் வண்டி எல்லாவற்றையும் தாண்டி நடந்து பாலத்துக்கு வந்தார். பாதிப் பேர் ரோட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சைக்கிள் ஓட்டுறதைப் பார்க்கத்தானே வந்தேன். ஏன் ஓட்டாம நிக்கிறீங்க?"

"ரோடு எங்களுதா இருக்கறப்ப அதை உட்டுப்போட்டு எங்கீங்கம்மா போறது?" என்றார் நாச்சிமுத்து. "போயிட்டா முறை கையை உட்டுப் போயிருமே. நீங்க சொன்ன மாதிரியே பகிர்ந்துட்டோம்."

தமயந்தி கண்ணை மூடிக்கொண்டார். சென்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. கோடு போச்சு என்று நினைத்துவிட்டார். அப்போது கட்டையிலிருந்து ரங்கராசு எழுந்தார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்றனுங்க. இத்தனை வருசமா இவங்க முதுகைத்தான் பாத்திருக்கறேன். மூஞ்சியைப் பாத்து மோர் வாங்கிக் குடிச்சது இன்னைக்குத்தான். ஆரன் அடிச்சா ஒதுங்காம திமிர் பண்றாங்கன்னு நெனப்பேன். எறங்கி இந்த எடத்துல நின்னு பாத்தாத் தெரியுது, ஒதுங்கறதுக்கு வாய்க்காலத் தவிர எடமே இல்லை. இந்த ஆளு பல்லுப் போனதுகூட என்னாலதான்." சென்னியப்பனைப் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டார். "இவங்களுக்கு ஒரு கோடு போட்டுக் குடுத்துருங்க. உங்களக் கும்புடறேன். இல்லீன்னா நாளைக்குக் காலையிலயும் இவங்க முறை வந்துருமுங்க."

லாரி டிரைவரும் அதையே சொன்னார். கல்யாண வேனிலிருந்து மாப்பிள்ளையும் சொன்னார். அவருக்கு முகூர்த்தம் தவறிக்கொண்டிருந்தது.

தமயந்தி பாலத்தின் அகலத்தைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், தன் முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டார். "போட்டுரலாம்," என்றார்.

சொன்னபடியே செய்தார். கொஞ்ச நாள் பிடித்தது. வாய்க்கால் ஓரமாகக் கம்பித் தடுப்பு வந்தது. தோப்புப் பக்கம் ரோட்டை ஒதுக்கிக் கொஞ்சம் அகலப்படுத்தினார்கள். இரண்டு பக்கமும் பளிச்சென்று வெள்ளைக் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் அழகாகச் சைக்கிள் படம் வரைந்தார்கள். முதல் படம் கரட்டுவலசு முக்கிலேயே இருந்தது. பக்கத்தில் நீல போர்டு ஒன்று நட்டு, அதில் கொட்டை எழுத்தில் "சைக்கிள்களுக்கு மட்டும்" என்று எழுதினார்கள்.

திறந்த அன்று சங்கத்தார் தேங்காய் உடைத்து, சைக்கிளுக்குப் பொட்டு வைத்து, கோட்டருகே வந்து நின்றார்கள். நாச்சிமுத்து காலைத் தூக்கி ஏறப் போனார். கொழந்தசாமி கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தலைவரே, போர்டைப் படிங்க."

நாச்சிமுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "சைக்கிள்களுக்கு மட்டும்."

"நாம சைக்கிளுங்களா?"

நாச்சிமுத்து தூக்கின காலைக் கீழே வைத்தார். குனிந்து தரையில் இருந்த படத்தைப் பார்த்தார்கள். சைக்கிள் இருந்தது. இரண்டு சக்கரம், கைப்பிடி, சீட்டு, எல்லாம் இருந்தது. சீட்டின் மேல் ஆள் இல்லை.

"ஆளுக்கும் எடமிருந்தா ஆளையும் வரைஞ்சிருப்பாங்க," என்றார் மாராத்தாள். "கண்ணாடி மாதிரித் தெளிவாத்தான போட்டிருக்கறாங்க."

"சைக்கிள் மட்டும் எப்புடிக்கா தனியாப் போகும்?" என்றார் சென்னியப்பன்.

"போகோணும்னு எங்க எழுதியிருக்குது? சைக்கிளுக்கு எடம்னுதான் எழுதியிருக்குது."

அதுதான் சரி என்று எல்லோருக்கும் பட்டது. இத்தனை நாள் பாடுபட்டது சைக்கிளுக்கு ஒரு பத்திரமான இடம் வேண்டும் என்றுதானே? நாலு சைக்கிள்களையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றன் பின் ஒன்றாக ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பூட்டி, ஒரு முறை துடைத்துவிட்டு, பச்சை பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனார்கள். ரங்கராசு முன் சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார். சாயந்தரம் வந்து பார்த்தால் வைத்த இடத்தில் வைத்தபடியே சைக்கிள்கள் இருந்தன. ஒரு கீறல் இல்லை.

இந்தச் செய்தி பரவியது. சைக்கிளுக்கென்றே அரசாங்கம் ஒதுக்கிய இடம், பஸ் வராது, லாரி வராது, என்று கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர்களும் தங்கள் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மழையில் நனையாமல் இருக்கச் சிலர் சாக்குப் போட்டு மூடினார்கள்.

சில வாரம் கழித்து ஒரு முற்பகலில், நாலு பேரும் தமயந்தியின் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் முகம் மலர்ந்தது. இந்த வேலையில் ஒருவர் தேடிவந்து நன்றி சொல்வது அபூர்வம்.

"பாதை எப்படி இருக்கு?"

"அதை ஏனுங்கம்மா கேக்கறீங்க, அருமையா இருக்குது," என்றார் நாச்சிமுத்து. "போட்டதிலிருந்து ஒரு சைக்கிள்கூட விழுகலை."

"ரொம்ப சந்தோசம். அப்புறம் என்ன விசயமா வந்தீங்க?"

"நெறைஞ்சு போச்சுங்கம்மா. கரட்டுவலசு முக்குல இருந்து பாலம் வரைக்கும் ஒரு சைக்கிள் நுழைய எடமில்லை. பக்கத்துலயே இன்னொரு கோடு போட்டுக் குடுத்தீங்கன்னாப் புண்ணியமாப் போகும்."

இத்தனை பேரா சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று தமயந்திக்கு ஆச்சரியம். ஜன்னலுக்குப் போய் வாசலை எட்டிப் பார்த்தார். வாசலில் ஒரு சைக்கிளும் இல்லை.

"நீங்க எதுல வந்தீங்க?"

"பஸ்லதானுங்க," என்றார் சென்னியப்பன். "சைக்கிளை எடுத்தா எடம் போயிருமுங்களே."